மாப்பிள்ளை விருந்துக்குப் பிடித்த கலவா

என் மச்சான் சைபுதீனுக்கு வாய் கொஞ்சம் நீளம். மகள் ஷப்னாவின் நிக்காஹ் முடிந்த கையோடு, சம்பந்தி வீட்டார் அத்தனை பேரும் கேட்க, "மாப்பிள்ளை விருந்துக்கு மீனு நான் பிடிச்சுக் கொண்டு வருவேன். கடையில வாங்கினா எனக்கு மானக்கேடாக்கும்" என்று சொல்லிவிட்டார். என் அக்கா மும்தாஜ் பேகம் அதை நம்பி, விருந்தன்று தேங்காய் அரைத்துக் குழம்பைக் கூட்டி வைத்துவிட்டு மீனுக்குக் காத்திருந்தாள். பிரியாணி கிடையாது, கோழி கிடையாது. மீன் வராவிட்டால் மச்சான் முகத்தைக் கொண்டுபோய் எங்கே வைப்பார் என்பதுதான் எங்கள் கவலை.

அன்று விடிந்ததிலிருந்து மச்சான் முட்டம் கடற்கரைப் பாறையில் தூண்டில் கம்போடு நின்றார். துணைக்கு நான். வந்ததெல்லாம் பாசியும் ஒரு பழைய செருப்பும். வெயில் ஏற ஏற எனக்குப் பசியில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. மானம் அவருடையது, வயிறு என்னுடையது.

திடீரென்று கம்பு வளைந்தது. "பர்வேஸ், எனக்க இடுப்பப் பிடிடே" என்றார். பிடித்தேன். பெரிய மீன்தான். ஆனால் அது கடலுக்குள் ஓடாமல் பாறையைச் சுற்றி அந்தப் பக்கம் இழுத்தது. நாங்களும் வழுக்கி வழுக்கிப் பின்னாலேயே போனோம்.

அங்கே இன்னொருவன் வளைந்த கம்போடு சாய்ந்து நின்று இழுத்துக்கொண்டிருந்தான். புது மாப்பிள்ளை சபீர். மாமனார் வீட்டுக்கு வெறுங்கையோடு போகக்கூடாதென்று யாரிடமும் சொல்லாமல் வந்திருக்கிறான். பேராசை பிடித்த கலவா மீன் ஒன்று இரண்டு பேருடைய இரையையும் விழுங்கியிருந்தது.

மாமனாரைக் கண்டதும் சபீர் முதலில் செய்தது, மடித்துக் கட்டியிருந்த கைலியை இறக்கிவிட்டதுதான். ஒரு கையில் மீன், ஒரு கையில் மரியாதை. "அஸ்ஸலாமு அலைக்கும் மாமா" என்றான். மச்சான் விடுவாரா? மருமகன் முன்னால் முழங்கால் முட்டு தெரியலாமா? அவரும் கைலியை இறக்கிவிட்டு, நிறுத்தி நிதானமாகப் பதில் சலாம் சொன்னார். அலை வந்து இருவரையும் நனைத்தது. நான்தான் வாயில் வந்ததை அடக்கிக்கொண்டு கீழே இறங்கி, செவுளுக்குள் கைவிட்டுக் கலவாவைப் பாறைமேல் இழுத்துப் போட்டேன். ஒரு ஆட்டுக்குட்டி அளவு இருந்தது. சந்தோஷத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"ஒங்களுக்க மீனாக்கும் மாமா" என்றான் சபீர்.

"இல்ல மக்கா, ஒனக்க மீனு" என்றார் மச்சான்.

"அப்பிடிச் சொல்லப்பிடாது. நீங்க மூத்தவங்க."

"நீ விருந்துக்கு வாறவன் இல்லியா?"

பேச்சு போதாதென்று சபீர் குனிந்து, மீன் வாயிலிருந்து தன் கொக்கியைக் கழற்றினான். "இப்ப ஒங்களுக்கதுதான் மாமா." மச்சானுக்கு ரோஷம் வந்துவிட்டது. அவரும் குனிந்து தன் கொக்கியைக் கழற்றிவிட்டு, "இப்ப?" என்று நிமிர்ந்தார். நான் பாய்ந்து பிடிப்பதற்குள் கலவா ஒரு துள்ளு துள்ளியது. அடுத்த அலையோடு போயே போய்விட்டது.

வீட்டில் அக்கா எங்கள் மூன்று பேருடைய வெறும் கையையும் பார்த்தாள். "மாப்பிள்ளை நல்ல கலவா பிடிச்சாரு" என்றார் மச்சான். "மாமாவாக்கும் பிடிச்சது" என்றான் சபீர். "பின்ன அது எங்க?" என்று அக்கா கேட்டதும், விட்டது நான்தான், இல்லை நான்தான் என்று மறுபடியும் தொடங்கினார்கள். அக்கா அடுக்களைக்குப் போய் முட்டை உடைத்தாள்.

மீன் இல்லாத மீன்குழம்பும் ஆம்லெட்டுமாக விருந்து நடந்தது. சம்பந்தி வீட்டார் மரியாதைக்காரர்கள், எதுவும் கேட்கவில்லை. குழம்புக்குள் கரண்டியைவிட்டு ரொம்ப நேரம் துழாவினார்கள், அவ்வளவுதான். கடைசியில் தட்டில் ஒரே ஒரு ஆம்லெட் மிஞ்சியது.

"நீங்க எடுங்க மாமா" என்றான் சபீர்.

"நீ எடு மக்கா" என்றார் மச்சான்.

நான் எடுத்தேன். வாய் நிறைந்துவிட்டதால், சாப்பிடுமுன் சொல்ல வேண்டிய பிஸ்மியைக்கூட மனதுக்குள்தான் சொன்னேன்.