இரண்டு விரல் குறைவு

என் அண்ணன் பழைய கார்களைப் புதுப்பிக்கிறவன். அந்தக் கார்களுக்கு வேண்டிய ரப்பரை வார்ப்பது என் தொழில். பக்கத்துப் பக்கத்துக் கொட்டகை. இருந்தும் இரண்டு வருடமாக ரப்பர் வேலையை அவன் வெளியில்தான் கொடுத்தான். கேட்டால், "நீ ஒரு அவசரக்குடுக்கை" என்பான்.

இந்த முறை வெளி ஆள் கைவிரித்துவிட்டார். வேறு வழியில்லாமல் என்னிடம் வந்தான்.

"ஒரே ஒரு கதவு பீடிங். தண்ணி ஒழுகுச்சுன்னா இதோட சரி."

கதவைச் சுற்றி ஓடி மழையைத் தடுக்கும் அந்த ரப்பர் பட்டைக்கு அறுபது வயது. கட்டையாக இறுகிக் கிடந்தது. அவன் வேலை எனக்கு வேண்டும். ரொம்பவே வேண்டும்.

பட்டையை வைத்து அச்செடுத்து, கலவையில் காற்றுக்குமிழ் போக்கி ஊற்றினேன். மறுநாள் உரித்தால் அருமையாக வந்திருந்தது. மடக்கினால் மடங்கியது, விட்டால் நிமிர்ந்தது. கதவில் பொருத்திப் பார்த்தேன். முனைகள் சேரவில்லை. இரண்டு விரல் இடைவெளி.

அப்போதுதான் உறைத்தது. வயதானால் ரப்பர் சுருங்கும். நான் பட்டையை அளந்தேனே தவிர, கதவை அளக்கவில்லை. அறுபது வருடச் சுருக்கத்தையும் சேர்த்து வார்த்து வைத்திருக்கிறேன், புத்திசாலி!

இழுத்து ஒட்டலாம். ஒரு மாதம் தாங்கும். அதற்குள் அடுத்த காரும் என் கைக்கு வந்துவிடும். பசை டப்பாவைத் திறந்தேன். மனசு கேட்கவில்லை, மூடிவிட்டேன்.

"அண்ணா, கதவ அளக்காம ஊத்திட்டேன். ரெண்டு நாள் குடு."

"நான் சொல்லல?" என்றான். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

கதவை நூல் பிடித்து மூன்று முறை அளந்தேன். நேர்ப்பகுதியில் அச்சை இரண்டு விரல் நீட்டி மறுபடி வார்த்தேன்.

சோதனைக்கு அவனே உள்ளே ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டான். குழாயைத் திறந்து அடித்தேன்.

"ஒழுகுது! நிறுத்து, ஒழுகுது!"

குழாயை மூடிவிட்டு ஓடினேன். தோள் நனைய இறங்கினான். குனிந்து பட்டையின் உள்பக்கத்தைத் தடவினேன். பொட்டு ஈரமில்லை. நிமிர்ந்தேன். கண்ணாடி மூன்று விரல் இறங்கியிருந்தது.

"கண்ணாடிய ஏத்துனியாண்ணா?"

அவன் கண்ணாடியைப் பார்த்தான். முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"அவசரத்துல மறந்துட்டேன்."

கண்ணாடியை ஏற்றிவிட்டு மறுபடி உட்கார்ந்தான். கால்மணி நேரம் அடித்தேன். உள்ளே ஒரு சொட்டு வரவில்லை. இறங்கியவன் தன் நூல்கண்டை என் கையில் வைத்தான்.

"மத்த மூணையும் அளந்துக்க. கதவ."