முடிச்சு தின்னாத இரண்டு பவுண்டு

ஜூன் இரண்டாம் சனிக்கிழமை காலை, பாணேர் பாட்மிண்டன் கோர்ட்டில் ஸ்மாஷ் அடிக்க எம்பிய அம்ருதா, வியாழக்கிழமை மதியம்தான் தரைக்கு வந்தாள். அதுவரை ஒன்பதடி உயரத்தில் நின்றிருந்தாள். பக்கத்துக் கோர்ட்டில் ஆட்டம் வழக்கம்போல நடந்தது. வங்கியில் வேலை பார்க்கும் அவள் அம்மா கிருஷ்ணப்ரியா ஒட்டடைக் கம்பில் டிபன் டப்பாவைக் கட்டி ஏற்றினாள். காலேஜ் லீவு லெட்டரில் ‘தரையில் இல்லை’ என்று காரணம் எழுதினாள், அவர்களும் ஏற்றுக்கொண்டார்கள். ஜூலையில் மறுபடி மூன்று நாள்.

காரணம், கேம்ப் வட்டாரத்தில் கடை வைத்து மட்டைகளுக்கு நரம்பு கட்டும் ஹெலினாவின் முடிச்சு. கடைசி வரியை மெஷினில் இழுத்து முடிச்சுப் போடும்போது இழுப்பு கொஞ்சம் இறங்கிவிடும். முடிச்சு தின்றுவிட்டது என்பார்கள். அதற்கு ஈடாக அந்த வரியில் மட்டும் இரண்டு பவுண்டு கூட்டி இழுப்பது தொழில் வழக்கம். ஹெலினாவும் பத்தொன்பது வருடமாகக் கூட்டித்தான் இழுத்தாள். ஆனால் அவள் முடிச்சு எதையும் தின்பதில்லை. இரண்டு சுற்று, பிளையரால் ஒரு இழுப்பு, அவ்வளவுதான். மட்டை ஒடிந்தாலும் முடிச்சு அசையாது. மிஞ்சிய இரண்டு பவுண்டு போக்கிடம் இல்லாமல் ஆடுகிறவரைத் தூக்கியது. தொப்பை போட்ட ஐ.டி. கம்பெனிக்காரர்கள் இன்றைக்கு உடம்பு லேசாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அம்ருதாவோ நாற்பத்தாறு கிலோ.

செப்டம்பரில் மாவட்ட இறுதிப் போட்டி. ஜெயித்தால் மாநில அணியில் இடம். சர்வீஸின்போது இரண்டு காலும் தரையில் இருக்க வேண்டும் என்பது விதி. மிதந்தால் ஆட்டம் போச்சு. கோச் நிர்மல் கடைக்கே வந்தான். “முடிச்சைக் கொஞ்சம் லூஸா போடுங்க அக்கா.”

ஹெலினாவுக்குச் சுருக்கென்றது. “லூஸா போட எனக்கு வராது தம்பி. வேணும்னா கூட்டுற ரெண்டு பவுண்ட விட்டுர்றேன்.”

விட்டாள். அம்ருதா எல்லோரையும் போலத் தரையிறங்கினாள். அவள் ஸ்மாஷும் எல்லோருடையதையும் போலத் திரும்பி வந்தது. பயிற்சியில் மூன்று ஆட்டம் தோற்ற பிறகு, இரண்டு மட்டைகளோடு அவளே கடைக்கு வந்தாள்.

“ஆன்ட்டி, ஒண்ணுல டூ பவுண்ட் வேணும். ஒண்ணுல வேண்டாம்.”

“எதுக்குடி?”

“லாஸ்ட் பாயிண்ட்டுக்கு அப்புறம் சர்வீஸ் கிடையாதுல்ல?”

ஹெலினாவுக்கு அந்தப் பெண்ணைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. அன்று வந்த மற்ற வேலையையெல்லாம் ஒதுக்கிவிட்டுக் கட்டினாள்.

போட்டியன்று கடையைப் பூட்டிவிட்டுப் போய் முன்வரிசையில் உட்கார்ந்தாள். சாதா மட்டையோடு அம்ருதா ஓடி ஓடி எடுத்து, மூன்றாவது கேமில் இருபதுக்குப் பத்தொன்பது என்று முன்னுக்கு வந்து, கடைசிப் பாயிண்ட்டுக்கு மட்டையை மாற்றினாள். இந்த அடி திரும்பி வந்தால் மேலே நின்றபடியே தோற்க வேண்டியதுதான். முடிச்சைப் பற்றி ஹெலினாவுக்குப் பயமில்லை, பெண்ணைப் பற்றித்தான் பயம். அம்ருதா எம்பினாள். இறகுப்பந்து எதிராளியின் கால் நகர்வதற்குள் கோட்டுக்கு ஓரங்குலம் உள்ளே விழுந்தது. நடுவர் அண்ணாந்து பார்த்து, வெற்றி பெற்றவர் பெயரைச் சொன்னார்.

அம்ருதா இறங்கவில்லை. எலக்ட்ரீஷியனின் ஏணியைக் கொண்டுவந்தார்கள். சிறப்பு விருந்தினர் அம்மாள் புடவையைச் செருகிக்கொண்டு ஆறு படி ஏறி மெடலைப் போட்டார். ஏணியைக் கீழே பிடித்துக்கொண்டிருந்தவள் ஹெலினா. மறுநாள் பேப்பரில் வந்த படத்தில் இரண்டாம், மூன்றாம் இடக்காரர்களின் முகங்களும், அவற்றுக்கு மேலே ஒரு ஜோடி ஷூவும் இருந்தன. மாநில அணிக்குப் போகிற பெண் எது என்று கேட்டவர்களுக்கு ஹெலினா அந்த ஷூவைத்தான் காட்டினாள்.