இரும்பறைக்குள் தனபால்

ஏற்காடு கடைவீதியில் இருக்கும் பழைய பேங்க் கட்டடத்தின் நெற்றியில் 1911 என்று பொறித்திருக்கும். சிங்கராயரைக் கேட்டால், அதற்கு நூறு வருஷம் முன்னாலேயே கட்டிப் பனிமூட்டத்துக்குள் ஒளித்து வைத்திருந்தார்கள் என்பார். முப்பத்திரண்டு வருஷம் அங்கே பியூனாக இருந்து ஓய்வு பெற்றவர். பேங்க் வேறு இடத்துக்குப் போய்விட்டது, அவர் போகவில்லை. தினமும் பத்து மணிக்கு வந்து, டூரிஸ்டுகளுக்குக் கதையளந்து, முகப்பில் டீக்கடை போட்டிருக்கும் கண்ணாயியிடம் ஏழு டீ குடித்து, சாயங்காலம் முன்பு பணம் வைத்திருந்த இரும்பறையின் கதவைச் சாத்திவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புவார்.

அதற்குத்தான் இப்போது வேட்டு. கட்டடத்தை வாங்கிய தனபால், இடித்துவிட்டு லாட்ஜ் கட்டப் போகிறார். பழைய கட்டடங்களைப் பார்வையிடச் சேலத்திலிருந்து வந்திருக்கும் ஆய்வாளர் புஷ்பலதா ‘காக்கத் தகுந்தது’ என்று எழுதினால்தான் தப்பும்.

“ஏனுங்க மேடம், வெள்ளைக்காரன் காலத்துல இங்க ஒரு காட்டெருமை டெபாசிட் போட வந்துச்சுங்க. மேனேஜரு ஃபாரம் குடுத்தாரு. கையெழுத்துத் தெரியாம கொம்பால கீறிட்டுப் போயிருச்சு. அதா, கதவுல பாருங்க,” என்றார் சிங்கராயர்.

“இவரு சொல்றதுல கதவு மட்டுந்தான் நெசமுங்க,” என்றார் தனபால். “அதும் துருப்புடிச்சுச் செத்துப்போச்சு.”

புஷ்பலதா நோட்டில் ஏதோ எழுதினார். சிங்கராயர் எட்டிப் பார்த்தார்.

துருவைக் காட்ட புஷ்பலதாவை இரும்பறைக்குள் கூட்டிப் போன தனபால், “ஒரு தட்டுக்குத் தாங்காதுங்க!” என்று கதவைப் பிடித்து ஓங்கிச் சாத்தினார். கடக்கென்று பூட்டிக்கொண்டது.

உள்ளேயிருந்து வந்த கூப்பாடு பக்கத்து ஊரான நாகலூரைத் தாண்டிக் கேட்டது. “பெரியவரே! தொறங்க!”

“செத்துப்போன கதவுதானுங்களே? தள்ளீட்டு வாங்க.”

“ஐயோ, தெரியாமச் சொல்லிட்டனுங்க!”

அந்தக் கதவின் சாவி தொலைந்து ஒரு தலைமுறை ஆகிறது. அடிமூலையில் உதைத்துக்கொண்டே கைப்பிடியைத் தூக்க வேண்டும்; உலகத்திலேயே தன் வலது காலுக்கு மட்டும்தான் அது அடங்கும் என்பது சிங்கராயரின் பெருமை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உதைத்தார். கதவு அசையவில்லை, முட்டிதான் அசைந்தது. இரண்டாம் உதையில் செருப்பு பறந்து கண்ணாயியின் பால் சட்டிக்குள் விழுந்தது.

“தள்ளுங்கய்யா,” என்று வந்தாள் கண்ணாயி. “தெனமும் சாயங்காலம் சாத்தீட்டுப் போறீங்களே, காத்தால அது தானாத் தொறந்துக்குதுன்னா நெனச்சீங்க?”

இடது குதிகாலால் ஒரே உதை. கதவு திறந்தது.

தனபால் வேர்த்து வழிந்து வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். பின்னால் வந்த புஷ்பலதா சுவரைத் தடவிப் பார்த்தார். “வெளியில இத்தன பனி. உள்ள ஒரு பொட்டு ஈரமில்லையே!”

“இந்த ஊருலயே பன்னு பூஞ்சை புடிக்காத எடம் அதுதானுங்க. அதான் எஞ்சரக்கெல்லாம் அங்க வெக்கறேன்,” என்றாள் கண்ணாயி.

புஷ்பலதா முன்னே எழுதியதை அடித்தார். சுவர் உறுதி, கதவு உறுதி, இன்றும் பயன்பாட்டில் உள்ளது, காக்கத் தகுந்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் பத்து மணிக்கு சிங்கராயர் டூட்டியில் இருந்தார். “இந்தக் கதவு ஒலகத்துலயே ஒரே ஒரு எடது காலுக்குத்தானுங்க தொறக்கும்,” என்று கண்ணாயியின் காலைக் காட்டினார். “வெள்ளைக்காரன் காலத்துல ஒரு காட்டெருமை இங்க லாட்ஜ் கட்ட வந்துச்சுங்க...”