சுத்தத் தட்டு

"கீ... கீ... கீ..." என்று கருவி அலறிய அலறலில், கையிலிருந்த காபி ஆய்வாளரின் வெள்ளைக் கோட்டு முழுக்கக் கொட்டியது. துடைக்கக்கூடத் தோன்றாமல் அவள் திரையை நோக்கி ஓடினாள்.

ஒரு முறைக்கு இரண்டு முறை பார்த்தாள்.

ஆய்வுக்கூடத்தில் இருந்தவை இரண்டு தட்டுப் பருத்தி நாற்றுகள். ஒன்றுக்குக் காட்மியம் என்ற நச்சு உலோகம் கலந்த நீர். ஒப்பிட்டுப் பார்க்க வைத்த இன்னொன்றுக்கு, இயந்திரத்தில் காய்ச்சி வடித்த சுத்த நீர். காட்மியம் வேருக்குள் நுழைந்தால் பருத்திக்குள் ஒரு மரபணு அடித்துப் பிடித்து எழுந்து, விஷத்தைக் கட்டிப்போடும் புரதத்தைச் செய்யத் தொடங்கும். சுத்தத் தட்டில் அது குறட்டை விட்டுத் தூங்க வேண்டும்.

இரண்டு தட்டிலும் விழித்துக்கொண்டு நின்றது!

"மீசை! இங்க வாங்க!"

உதவியாளர் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். அவர் நுழைவதற்கு முன்பே மீசை நுழைந்துவிடும்.

"தட்டை மாத்தி வெச்சீங்களா?"

"என் மீசை மேல சத்தியமா இல்ல மேடம்."

"குளிர்ப்பெட்டியத் தொறந்து போட்டப்பவும் இதே மீசை மேலதான் சத்தியம் பண்ணீங்க!"

"அப்ப சின்னதா இருந்துச்சு மேடம்."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. சிரித்தே பல நாளாகிறது. ஆறு வயது மகளுக்குச் சிறுநீரில் புரதம் கசிந்துகொண்டே இருக்கிறது. நாளுக்கு நாள் துரும்பாகிறாள். எந்தப் பரிசோதனையிலும் காரணம் பிடிபடாமல், "தண்ணி மட்டும் நிறையக் குடுங்க" என்று மருத்துவர் கையை விரித்துவிட்டார்.

தட்டுகளைப் போய்ப் பார்த்தாள். மாறவில்லை. விஷத் தட்டில் இலைகள் மஞ்சளித்திருந்தன. சுத்தத் தட்டில் பச்சைப் பசேலென்று இருந்தன. வெளியே ஒரு குறையும் தெரியவில்லை.

"அப்ப தண்ணிதான். என்ன தண்ணி ஊத்துனீங்க?"

மீசை தலையைச் சொறிந்தார். "வடிக்கிற மெஷினு படுத்துடுச்சு மேடம். ரிப்பேர்காரங்க ஒரு மாசமா இழுத்தடிக்கிறாங்க."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்களே பாதி நாள் ஆஸ்பத்திரியில கிடந்தீங்க. இதையும் சொல்லி எதுக்கு நோகடிக்கணும்னு..."

"குழாய்த் தண்ணிய ஊத்தித் தொலைச்சீங்களா?"

"ஐயோ, அத ஊத்தினா என்னைய வெட்டிப் போட்டுடுவீங்களே! குடிக்கறதுக்கு வீட்டுலேர்ந்து கேன் கொண்டு வந்து வெப்பீங்கல்ல? அது தொடாம மிச்சமிருந்துச்சு. 'எங்க போர் தண்ணி மாதிரி ஊருலயே கிடையாது'ன்னு நீங்கதான மேடம் சொல்லுவீங்க?"

திட்ட வாயெடுத்தவளின் கண் முன் வீடு வந்து நின்றது.

வீட்டின் பின்சுவர். சுவருக்கு அந்தப் பக்கம், பழைய காட்மியம் பேட்டரிகளை உடைத்துக்கொண்டிருந்த பட்டறை. மூடிப் பல வருடமாகிறதே என்று அவள் அதை மறந்தே போயிருந்தாள்.

"மேடம்? உக்காருங்க மேடம்... மொகமெல்லாம் வெளுத்துப்போச்சு."

வீட்டு எண்ணை அழுத்தினாள். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் கணவன் எடுத்தான். அவள் வாயைத் திறப்பதற்குள் அவனே பேசினான்.

"கவலையே படாத. பாப்பா அழுது அடம்தான் பிடிச்சா, நான் விடலையே... மடியில போட்டு, ரெண்டு பாட்டில் தண்ணியையும் ஒரு சொட்டு மிச்சமில்லாம குடிக்க வெச்சுட்டேன்."