முன்னால் நடக்கிறவர்

காட்டுக்கு வருகிறவர்களுக்கு இப்போதெல்லாம் காடு வேண்டாம், பட்டியல்தான் வேண்டும். சிறுத்தை ஒன்று, சிங்கம் இரண்டு, கருங்காலி நிழலில் தேநீர் என்று தங்கள் ஊரிலிருந்தே எழுதி அனுப்பிவிடுகிறார்கள். சிறுத்தை என்ன இவர்கள் வீட்டு ஆடா, கூப்பிட்டதும் வந்து நிற்க? அனுப்புகிறவர்களைக்கூட மைலோனி மன்னித்துவிடுவார். அதை வாங்கி வைத்துக்கொண்டு ‘ஆகட்டும்’ என்று தலையாட்டுகிறவர்களை மன்னிக்க மாட்டார்.

இந்த முறை தலையாட்டியவள் அவருடைய தங்கை மகள் டியோனென்ஜி. லுவாங்குவா ஆற்றங்கரை முகாமில் வழிகாட்டிப் பரீட்சை தேறி, நாளைக் காலை நான்கு விருந்தாளிகளோடு முதல் நடை போகிறாள். துப்பாக்கியோடு ஒருவர் முன்னால், அவர் பின்னே வழிகாட்டி, பிறகு விருந்தாளிகள், கடைசியில் தேநீர்க் கூடைக்காரன். முன்னால் நடப்பது முப்பது வருஷமாக மைலோனிதான். “அண்ணே, நீ முன்னால நடந்தாத்தான் என் பொண்ண அனுப்புவேன்” என்று தங்கை நேற்றுகூடச் சொல்லிவிட்டாள். அதிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. சமையற்காரன் ரப்சன் வைத்த சீமாக் களியும் மீனும் தட்டில் அப்படியே காய்ந்தன.

சாயங்காலம் சமையல் கொட்டகைக்குப் பின்னால், முசங்கு மரத்தடியில் டியோனென்ஜி குச்சியால் மணலில் வழியைக் கீறினாள். “ஆறு மணிக்குக் கெளம்பறோம். ஓடையத் தாண்டி, எட்டரைக்குக் கருங்காலித் தோப்பு. டீ. பத்துக்குள்ள திரும்பிடறோம்.”

“தோப்புல தனியன் காட்டெரும படுத்திருக்கு. மத்தியானம் போய்ப் பாத்தேன். சாணி இன்னும் காயல.”

“நானும் பாத்தேன் மாமா. அது வெயில் ஏறினப்புறம்தான் அங்க வருது. மூணு நாளா அப்படித்தான்.”

“எரும கையில கடிகாரம் கட்டியிருக்கோ?”

ரப்சன் கொட்டகைக்குள்ளிருந்து சிரித்தான். “இல்ல பெரியவரே, ஃபோன்லதான் மணி பாக்குது.”

“நீ கஞ்சியக் கிண்டுடா.” மைலோனி இடுப்பிலிருந்து, காற்றுப் பார்க்க வைத்திருக்கும் சாம்பல் பையை எடுத்து ஒரு தட்டுத் தட்டினார். சாம்பல் தோப்புப் பக்கமாக மிதந்தது. “பாத்தியா? காலையிலயும் இதே காத்துன்னா நம்ம வாடை நமக்கு முன்னாடி அங்க போய் நிக்கும். படிச்சதெல்லாம் பரீட்சையோட போச்சா? உங்கம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்ல?”

டியோனென்ஜியின் கண் அவர் தோளுக்கு மேலே போய் நின்றது. குச்சியை மெல்லக் கீழே வைத்தாள்.

“மாமா, பேசாதீங்க. திரும்பாம, மெதுவா என் பக்கம் வாங்க.”

“என்னையே பேசாதேங்கிறியா? வாலு முளைச்சிருச்சா உனக்கு?”

“மாமா.” குரல் எழும்பவேயில்லை. ஆனால் அவள் கை அவரை நோக்கி நீண்டிருந்தது. ரப்சனின் சிரிப்பும் எப்போதோ நின்றுபோயிருந்தது. அப்போதுதான் அவருக்கு அந்த வாடை வந்தது: புளித்த இலை, ஈரச் சேறு.

ஓரடி எடுத்து வைத்தார், இன்னொன்று. அவள் அவர் சட்டைக் கையைப் பிடித்து, கொட்டகையோரம் நின்ற வண்டிக்குப் பின்னால் இழுத்தாள். பிறகுதான் திரும்பிப் பார்த்தார். எட்டடியில் ஒற்றைத் தந்த ஆண் யானை. முசங்குக் காய்களைத் துதிக்கையால் கூட்டி அள்ளி, நறுக் நறுக்கென்று மென்றுகொண்டிருந்தது. தாடை அசைவது தெரிந்தது. நறுக்கென்ற சத்தம் மட்டும் அவருக்குக் கேட்கவில்லை.

யானை, அவள் மணலில் கீறிய வழியை மிதித்துக்கொண்டு ஆற்றுக்கு இறங்கியது.

“எவ்வளவு நேரமா நின்னுச்சு?” என்றார்.

“நீங்க சாம்பல் தட்டறப்பவே பின்னால கிள ஒடிஞ்ச சத்தம் கேட்டுச்சுங்க” என்றான் ரப்சன்.

“எனக்குத் தெரியும். வேணும்னுதான் நின்னேன்.”

டியோனென்ஜி தரையைப் பார்த்தபடி சொன்னாள்: “நாளைக்கு லைசன் துப்பாக்கியோட முன்னால நடக்கட்டும், மாமா. தோப்பு வேண்டாம். உங்க பேச்சுப்படி ஆத்தோரமாவே போறேன். அம்மாகிட்ட நானே சொல்லிக்கறேன்.”

“லைசனா? அவன் காலடிச் சத்தத்துக்குக் காடே காலியாயிடும்!”

“அவனுக்குக் காது கேக்கும்.”

அவர் துப்பாக்கியை எடுத்துத் தோளில் மாட்டினார். தந்துவிடு என்று அவள் கேட்பாளோ என்று ஒரு கணம் நின்றார். கேட்கவில்லை.

“காத்து எதிர்ப்பக்கம் அடிச்சா எவனுக்குத்தான் கேக்கும்?” என்று சொல்லிவிட்டு நடந்தார். முகாம் வேலியருகே யாருமில்லை என்று பார்த்துக்கொண்டு சாம்பல் பையை மறுபடி தட்டினார். சாம்பல் எந்தப் பக்கமும் போகாமல் அவர் காலடியிலேயே விழுந்தது.

“சாம்பல் ஈரம்” என்று முணுமுணுத்து, பையை இடுப்பில் செருகிக்கொண்டு தன் குடிசைப் பக்கம் போனார்.