வாக்கிங்குக்கு ஒரு பாஸ்போர்ட்

காட்ஃப்ரி பார்ஸ்லோ நாயை வாக்கிங் கூட்டிப் போகும்போது பாஸ்போர்ட்டையும் எடுத்துப் போகிறார் என்றால் அன்று தேர்தல் என்று அர்த்தம். அடையாள அட்டை கேட்கும் சட்டம் வருவதற்கு முன்னால் நாய் மட்டும் போதுமாயிருந்தது. எங்கள் ஷ்ராப்ஷயர் கிராம மண்டபத்தில் வாக்காளர் பட்டியலோடு உட்கார்ந்திருப்பவள் நான். "ஹெட்டி, ஈனிட்டுக்குத் தெரிய வேணாம்" என்று கண்ணடித்துவிட்டு ஓட்டுப் போடுவார். சாயங்காலம் அவர் மனைவி ஈனிட் வந்து, பையில் வெங்காயத்துக்கு அடியிலிருந்து, அடையாளத்துக்குக் காட்டும் பஸ் பாஸை எடுப்பாள். "காட்ஃப்ரிகிட்ட மூச்சு விட்றாதே." யார் வந்தார்கள் என்று சொல்லமாட்டேன் என உறுதி கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பவள் நான். அதனால் வாயில் கொழுக்கட்டை.

அவர் நீலக் கட்சி, அவள் மஞ்சள் கட்சி. கல்யாணமான புதிதில் ஒரு தேநீர் விருந்தில் அப்போதைய எம்.பி. பாராளுமன்ற வழக்கம் ஒன்றைச் சொன்னாராம். எதிரெதிர்க் கட்சிக்காரர்கள் இருவர் பேசிவைத்துக்கொண்டு, வாக்கெடுப்புக்கு இரண்டு பேருமே போகாமல் இருந்துவிடுவார்கள், யாருக்கும் நஷ்டமில்லை. கேட்ட கையோடு இவர்களும் அப்படியே ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள். அன்றிலிருந்து இருவரும் திருட்டுத்தனமாக வந்து ஒருவர் ஓட்டை ஒருவர் அடித்துவிட்டுப் போகிறார்கள். அதிலும் ஊருக்கு நஷ்டமில்லை.

இந்த மே மாதம் மாவட்ட சபைத் தேர்தல். நீலக் கட்சிக்கு நின்றவர் ஆம்ப்ரோஸ், காட்ஃப்ரியோடு பள்ளியில் ஒரே பெஞ்சு. காலையில் நாய் டஃபி வழக்கம்போல என் பிஸ்கட்டை நினைத்து எஜமானரை வாசல்வரை இழுத்துவந்தது. அவர் ஒரு நிமிடம் நின்றார். பிறகு நாயைத் தரதரவென்று திருப்பி இழுத்துக்கொண்டு போய்விட்டார். பாஸ்போர்ட்டை மறந்திருப்பார் என்று நினைத்தேன். சாயங்காலம் வெங்காயப் பை வந்தது. அவர் வரவேயில்லை.

மறுநாள் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்த்தும் ஆம்ப்ரோஸ் ஒரே ஒரு ஓட்டில் தோற்றிருந்தார்.

சனிக்கிழமை காட்ஃப்ரி என் தோட்டத்துக்கு வந்து, வைத்த கேக்கைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார்.

"குளிர்காலத்துல அவளுக்கு நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் பண்ணாங்களே, அன்னிக்கு ஆஸ்பத்திரியில நெனச்சேன், இவள எத்தனை தடவை ஏமாத்தியிருக்கேன்னு. இனிமே கிடையாதுன்னு முடிவு பண்ணேன். யோக்கியனா இருந்த முதல் தடவையே ஆம்ப்ரோஸைக் கவுத்துட்டேன், ஹெட்டி."

அந்த நேரம் பார்த்து காலி ஜாம் பாட்டில்களோடு ஈனிட் வந்தாள். "என்ன, ரெண்டு பேரும் ஆம்ப்ரோஸுக்குத் துக்கம் விசாரிக்கிறீங்களா?"

"ஈனிட், நான் ஒவ்வொரு தேர்தலுக்கும் போய் ஓட்டுப் போட்டிருக்கேன்."

"தெரியுமே! நாயை வெளிய கூட்டிப் போறவனுக்குப் பாஸ்போர்ட் எதுக்கு? டஃபியோட ஃபிரான்ஸுக்கா போறீங்க?"

"இந்தத் தடவை போகல. சத்தியமா."

சிரித்துக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றாள். அவர் ஓட்டுப் போட்டிருப்பார், அதை அடித்தாக வேண்டும் என்றுதான் தேர்தலன்று அவள் மண்டபத்துக்கு வந்திருக்கிறாள். 'நீ போனாயா' என்று அவர் கேட்கவில்லை; கேட்கத் தோன்றாத மனிதர். அவள் என்னைப் பார்த்தாள். நான் கேக்கைப் பார்த்தேன். இத்தனை வருடம் இவர்களை நினைத்துச் சிரித்த எனக்கு அன்று சிரிப்பு வரவில்லை, பாவமாக இருந்தது.

அக்டோபரில் பாராளுமன்றத் தேர்தல் வந்தது. காலை கூட்டம் குறைந்த நேரத்தில் காட்ஃப்ரி தனியாக உள்ளே வந்தார். நாய் இல்லை.

"நான் ஓட்டுப் போட வரல, ஹெட்டி. ஈனிட்தான் எனக்குக் கோட்டை மாட்டிவிட்டு, 'நானும் வாக்கிங் வர்றேன்'னா. வாசல்ல வந்ததும், 'உள்ள போய் ஹெட்டி சௌக்கியமான்னு கேட்டுட்டு வாங்க'ன்னு தள்ளிவிட்டுட்டா." கைக்குட்டைக்காகக் கோட்டுப் பையில் கைவிட்டவர் அப்படியே நின்றார். கையோடு வந்தது பாஸ்போர்ட்.

அவர் ஓட்டுச்சீட்டோடு மறைப்புக்குப் பின்னால் போனதும் ஜன்னல் வழியே பார்த்தேன். வாசலில் ஈனிட் நின்றிருந்தாள். பட்டியலில் அவள் பெயருக்குக் கீழே அளவுகோலை வைத்துக் காத்திருந்தேன். டஃபி பிஸ்கட்டுக்காகப் படியேற இழுத்துக்கொண்டிருந்தது. இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, அவள் படியேறாமல் காலை அழுத்தி ஊன்றி நின்றாள்.