இடது கன்னம்

அம்மாவின் வலது கை மறுபடியும் போர்வைக்கு வெளியே வந்து கட்டில் ஓரத்தில் தொங்கியது. மகள் அதை எடுத்து நெஞ்சின்மேல் வைத்து, போர்வையை இழுத்துச் செருகினாள். காலையிலிருந்து இதே வேலையாகப் போயிற்று. உயிரோடு இருந்தவரை சொன்ன பேச்சைக் கேட்காத அம்மா, போன பிறகு மட்டும் கேட்டுவிடுவாளா என்ன?

அப்போது பார்த்துப் போன் அடித்தது.

"மேடம், வணக்கம். படக் கம்பெனி மேனேஜர் பேசறேன். வியாழக்கிழமை ஷூட்டிங்குக்கு அம்மாவைக் கூட்டிட்டுப் போக கார் வரும். கொஞ்சம் ரெடியா வெச்சிருங்க."

"அம்மா இன்னைக்குக் காலைல தவறிட்டாங்க."



"ஐயோ, ரொம்ப ஸாரி மேடம். அப்போ... இன்னைக்கே வந்துடட்டுமா?"

"எதுக்கு?"

"கேமராவோடதான். சின்னதா ஒரு அஞ்சலி."

அவள் வாயைத் திறப்பதற்குள், நாற்காலிகளைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்த தம்பி எட்டிப் பார்த்து, "வரச் சொல்லுக்கா. அம்மாவுக்கு மரியாதைதானே?" என்றான். அவனுக்கு யார் வந்தாலும் மரியாதைதான். வந்தவர்களுக்கு டீ போடுவது யார் என்பதுதான் அவனுக்கு எந்தக் காலத்திலும் தோன்றாது.

அம்மா வாழ்க்கையில் ஒரே ஒரு படத்தில்தான் நடித்தாள். ஐம்பது வருஷத்துக்கு முன்பு வந்த அநாதைச் சிறுமி படம். பாட்டும் ஆட்டமுமாக இருக்கும். குடும்பம் குடும்பமாகப் போய் அழுதுவிட்டு வந்தார்கள். அதில் அநாதை இல்லத்தின் கொடுமைக்கார வார்டன் அம்மாதான். தட்டுகளை எண்ணிக்கொண்டே ஒரு பாட்டுப் பாடுவாள். பிள்ளைகளின் தலையில் கரண்டியால் தாளம் போடுவாள். இடைவேளைக்குச் சற்று முன்னால் அந்தச் சிறுமியை ஓங்கி ஓர் அறை விடுவாள். அந்த அறைக்குத் தியேட்டரே வாயைப் பொத்திக்கொண்டதாம். அதற்குப் பிறகு அம்மா தெருவில் நடந்தால் பிள்ளைகள் வீட்டுக்குள் ஓடின. "வார்டனைக் கூப்பிடவா?" என்று மிரட்டித்தான் தாய்மார்கள் சோறு ஊட்டினார்கள்.

அந்த வார்டனுக்கு நிஜத்தில் ஒரு பூனையைக்கூட அதட்டத் தெரியாது. தண்ணீர்க் குழாய் சரிபார்க்க வந்து பாதியில் நழுவும் ஆளைப் பிடித்து நிறுத்துவது, தம்பியை அடக்கிப் படிக்க உட்கார வைப்பது எல்லாம் சிறு வயதிலிருந்தே மகள் தலையில்தான் விழுந்தன. அம்மாவோ கைப்பையில் மிட்டாயை வைத்துக்கொண்டு, தன்னைக் கண்டு அழும் பிள்ளைகளைத் துரத்தித் துரத்திக் கொடுத்தாள். அதுகள் இன்னும் வேகமாக ஓடின.

இப்போது அதே படத்தைப் புதிதாக எடுக்கிறார்கள். அம்மாவுக்கும் அதில் ஒரு சின்னக் காட்சி வைத்திருந்தார்கள். போன மாதம் புது டைரக்டர் வீட்டுக்கே வந்து அம்மாவுக்குக் கதை சொன்னார். இல்லத்தில் கண்காணிப்புக் கேமரா, சிறுமியின் கையில் போன், வார்டனுக்கு ஒரு சோகமான பழைய காதல். "அந்த அறை?" என்று தம்பி ஆவலாகக் கேட்டான்.

"இந்தக் காலத்துல குழந்தைய அடிக்கிறதைக் காட்ட முடியாது சார். வார்டன் போனைப் பிடுங்கிக்கிறாங்க."

அம்மாவுக்கு அப்படியொரு சந்தோஷம். "அப்பாடா! நல்ல காரியம் பண்ணீங்க," என்று டைரக்டருக்கு இரண்டு மிட்டாய் கொடுத்தாள்.

மகளுக்கு மட்டும் அன்று எரிச்சலாக வந்தது. ஏனென்றால் அந்த அறை அவளுடையது.

பழைய படத்தில் தெரிவது அவளுடைய கன்னம்தான். சிறுமியாக நடித்த பெண்ணை அம்மாவால் அடிக்க முடியவில்லை. கையை ஓங்குவாள், கன்னத்துக்குப் பக்கத்தில் போனதும் கை நின்றுவிடும். திரும்பத் திரும்ப எடுத்து டைரக்டருக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. கடைசியில் அம்மாவே, "என் பொண்ணு வந்திருக்கா. அவளை நிறுத்திக்குங்க," என்றாள். பள்ளிக்கூடம் லீவு என்று வேடிக்கை பார்க்க வந்தவளைப் பிடித்து, அந்தப் பெண்ணின் கவுனையும் ரிப்பனையும் மாட்டி, பின்தலையும் கன்னமும் மட்டும் தெரியும்படி நிறுத்தினார்கள். அவளுக்கு அப்போது ஏழு வயது. கை வரும் என்று யாரும் சொல்லவில்லை. சொன்னால் முகம் சுருங்கிவிடுமாம்.

வெளியே சொல்லக் கூடாது என்று டைரக்டர் அம்மாவிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். அந்தக் காட்சிக்காக அந்தப் பெண்ணுக்கு விருதும் கிடைத்தது. அம்மா கடைசிவரை வாயைத் திறக்கவில்லை. "அடுத்தவங்க பிள்ளைய எப்படிம்மா அடிக்கிறது?" என்பாள். "அப்போ சொந்தப் பிள்ளைன்னா அடிக்கலாமா?" என்று இவள் சண்டைக்குப் போவாள். "நீன்னா..." என்று அம்மா ஆரம்பிப்பாள். அதற்குள் வாசலில் யாராவது கூப்பிடுவார்கள், அல்லது அடுப்பில் பால் பொங்கும். அந்த வாக்கியம் ஒரு நாளும் முடிந்ததில்லை. இனி முடியப்போவதும் இல்லை.

அம்மா அவளை வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் அடித்தாள். அதையும் இன்னொருத்தி பேருக்கு எழுதிக் கொடுத்துவிட்டாள்.

கூடம் நிறையத் தொடங்கியது. வந்தவர்கள் எல்லாரும் அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு அவளிடம் வந்து ஒரே கதையைச் சொன்னார்கள். "உங்கம்மாவை நினைச்சுக்கிட்டு நான் எத்தனை நாள் படுக்கையை நனைச்சிருக்கேன் தெரியுமா?" என்று எதிர்வீட்டுக்காரர் பெருமையாகச் சொன்னார். அவர் அடுக்ககச் சங்கத்தின் தலைவர். அதற்கு என்ன பதில் சொல்வது? "டீ குடிங்க," என்றாள். அழுகை இன்னும் வரவில்லை. வருவதற்கு எங்கே இடம் விட்டார்கள்?

பாப்பா வந்தது அப்போதுதான். காரின் கதவு சாத்தும் சத்தத்துக்கு முன்பே அழுகைச் சத்தம் வந்துவிட்டது.

படத்தில் அநாதையாக நடித்த பெண்ணை ஊர் இன்னமும் பாப்பா என்றுதான் கூப்பிடுகிறது. அறுபதை நெருங்கிவிட்டாள், முழங்கால் வலி வேறு, ஆனாலும் பாப்பா. விருதுக்குப் பிறகு சொல்லிக்கொள்கிற மாதிரி ஒரு படமும் அமையவில்லை. கல்யாணமும் நிலைக்கவில்லை. வாரம் தவறாமல் அம்மாவுக்குப் போன் செய்வாள். "அம்மா தூங்கறாங்க" என்று இவளும் முடிந்தவரை வைத்துவிடுவாள்.

"அம்மா! உன் பாப்பா வந்திருக்கேம்மா! கண்ணைத் திறந்து பாரும்மா!"

கறுப்புக் கண்ணாடியோடு அப்படியே கட்டிலில் சாய்ந்தாள். அம்மாவின் கை மறுபடி வெளியே வந்துவிட்டது. கூடத்தில் இருந்த பெண்கள் எல்லாரும் எழுந்து போய்ப் பாப்பாவின் முதுகைத் தடவினார்கள். ஒருத்தி தண்ணீர் கொடுத்தாள். இன்னொருத்தி விசிறினாள். பெற்ற மகள் காலி டீ டம்ளர்களோடு சுவரோரமாக நின்றாள்.

பின்னாலேயே படக் கம்பெனி ஆட்கள் நுழைந்தார்கள். கேமராக்காரர் ஜன்னலை ஒரு பார்வை, பிணத்தை ஒரு பார்வை பார்த்தார். விளக்கு வந்தது. மைக் பாப்பாவின் கைக்குப் போனது. மேனேஜர் இவள் பக்கம் திரும்பி, "ஆன்ட்டி, கொஞ்சம் அந்தப் பக்கம் நில்லுங்க. ஃபிரேம்ல வர்றீங்க," என்றான். பிறகு மரியாதைக்கு, "நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?" என்றும் கேட்டுவைத்தான்.

"டீ வேணுமா?" என்றாள் அவள்.

பாப்பா ஆரம்பித்தாள். அந்தக் கதை அவளுக்கு மனப்பாடம், இவளுக்கும்தான். எந்தப் பேட்டியானாலும் அதைச் சொல்லாமல் பாப்பா விட்டதில்லை. முதலில் கன்னம் ஒரு நாள் சிவந்திருந்தது. அப்புறம் ஒரு வாரம் வீங்கியிருந்தது. போன வருஷம் காதும் கேட்கவில்லை. இன்றைக்கு இன்னும் என்ன வளர்ந்திருக்கிறதோ என்று இவள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேஜையில் உட்காருகிறவள் அவள். பகல் முழுக்கக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களைத்தான் பார்க்கிறாள். நிஜ வலிக்காரர்கள் இவ்வளவு பேசுவதில்லை.

"அம்மா அடிச்ச அடி இன்னும் இங்கே இருக்கு," என்று பாப்பா இடது கன்னத்தைத் தொட்டாள். "அந்த அடியில ஒரு பல்லே விழுந்துடுச்சு. கீழ்ப்பல்லு. ஏற்கெனவே ஆடிட்டு இருந்தது. தரையில உருண்டு போய் லைட் ஸ்டாண்டுக்கு அடியில..."

இவள் டம்ளர்களைத் தரையில் வைத்தாள்.

அந்தப் பல்லைப் பற்றி இவள் யாரிடமும் சொன்னதில்லை. தம்பிக்குத் தெரியாது. அம்மாவும் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. வாய்க்குள் உப்புக் கரித்ததும், பல் இருந்த இடத்தில் நாக்கு போய் நின்றதும் மட்டும்தான் இவளுக்கே நினைவு. அது எங்கே விழுந்தது என்பது இவளுக்கே தெரியாது.

"கேமராவை நிறுத்துங்க," என்றாள்.

"ஆன்ட்டி, நல்லா போயிட்டிருக்கு..."

"நிறுத்துங்கன்னா நிறுத்தணும்!"

ஊரே பயந்த வார்டனின் குரல் இதுவாகத்தான் இருந்திருக்க வேண்டும். விளக்கு அணைந்தது. எதிர்வீட்டுக்காரர் டீயைக் கீழே வைத்துவிட்டார். இவள் பாப்பாவின் முழங்கையைப் பிடித்துச் சமையலறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள்.

"அது என் பல்லு."

"தெரியும்," என்றாள் பாப்பா.

"என் கன்னம்."

"அதும் தெரியும்." பாப்பா கண்ணாடியைக் கழற்றினாள். கண்கள் நிஜமாகவே சிவந்துதான் இருந்தன. "பல்லைத் தேடி எடுத்ததே நான்தான். உங்கிட்ட குடுக்கலாம்னு கையில வெச்சிட்டு நின்னேன். நீ எங்கே இருந்தே? உங்கம்மா உன்னைத் தூக்கிட்டுப் போயிட்டாங்களே."

"எங்கே?"

"வெளியே. அடிச்ச கையோட உன்னை வாரி எடுத்துத் தோள்ல போட்டுக்கிட்டு நடக்க ஆரம்பிச்சுட்டாங்க. டைரக்டர் கூப்பிடறார், காதுலயே வாங்கல. பின்னாடி ஒரு மதில் இருக்கும், அதோட நிழல்ல அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடந்துட்டே இருந்தாங்க. நீ அழுதே, அப்புறம் தூங்கிட்டே. அப்பவும் இறக்கல. வேலையெல்லாம் நின்னுபோச்சு. அன்னைக்கு அப்புறம் எதுவுமே எடுக்கல."

இவளுக்கு அது எதுவுமே நினைவில் இல்லை. அறை நினைவிருக்கிறது. அந்தத் தோள் இல்லை. தூங்கிப்போனவளுக்கு எப்படி இருக்கும்?

"பொய் சொல்லாதீங்க."

"நான் சொல்றது எல்லாமே பொய்தான். எனக்குத் தெரியாதா?" பாப்பா மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "மறுநாள் என்னை உக்கார வெச்சுக் கண்ணுல கிளிசரின் விட்டாங்க. அதுக்குத்தான் அந்த விருது. என்னைப் பெத்த அம்மா டைரக்டரோட பேசிட்டு இருந்தாங்க. எனக்கு அந்த மதிலே நினைப்பா இருந்துச்சு. அந்த அடி எனக்கு விழுந்திருக்கலாமேன்னு இருந்துச்சு."

சமையலறையில் பால் பொங்கி அடுப்பு அணைந்து கேஸ் வாடை வந்தது. இவள் திரும்பி அடுப்பை நிறுத்தினாள். கோபம் வந்தது. இத்தனை வருஷமாகச் சேர்த்துவைத்த கோபத்தை இறக்கி வைக்க ஓர் இடம் இருந்தது. அதையும் இந்தப் பொம்பளை பிடுங்கிக்கொண்டாள். அதுவும் இன்றைக்கு, அம்மாவைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோக வண்டி வருகிற நேரத்தில். நம்பலாம் என்றால் சொன்னவள் ஊரறிந்த புளுகி. நம்ப வேண்டாம் என்றால் பல் இடிக்கிறது.

"இதை ஏன் இத்தனை நாளா சொல்லல?"

"நீ எங்கே என்கூடப் பேசினே? போனை எடுத்தா அம்மா தூங்கறாங்கம்பே."



கதவு தட்டப்பட்டது. "மேடம், ஒரே ஒரு டேக்," என்று மேனேஜர் தயங்கித் தயங்கிக் கேட்டான். "வண்டி தெருமுனைக்கு வந்துடுச்சாம்."

பாப்பா நகரவில்லை. கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு இவளுடைய முகத்தையே பார்த்தாள். இவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்தக் கதை இன்றோடு முடிந்துவிடும். கூடம் நிறைய ஆட்கள் இருக்கிறார்கள், கேமரா இருக்கிறது. சத்தியம் வாங்கின டைரக்டர் போய்ச் சேர்ந்து எத்தனையோ காலமாகிறது, சத்தியம் செய்தவள் கட்டிலில் கிடக்கிறாள். அது என் கன்னம் என்று சொல்ல இதைவிட்டால் வேறு வேளை வாய்க்காது.

"கண்ணைத் துடை," என்றாள் இவள். "போ. போய்ச் சொல்லு. ஆனா காது கேக்கலேங்கறதை மட்டும் விட்டுடு. கேக்கச் சகிக்கல."

பாப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு கண்ணாடியை மாட்டினாள்.

விளக்கு மறுபடி எரிந்தது. பாப்பா இடது கன்னத்தைத் தொட்டுக் கதையை முதலிலிருந்து தொடங்கினாள். இம்முறை குரல் அவ்வளவு ஓங்கவில்லை. கேமராவுக்குத் தெரியாத பக்கத்தில், கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு இவள் உட்கார்ந்தாள். போர்வைக்கு வெளியே தொங்கிய கையை எடுத்தாள். நெஞ்சின்மேல் வைக்கவில்லை, தன் மடியில் வைத்துக்கொண்டாள். சின்னக் கை. இவ்வளவு சின்னக் கை எப்படித் தியேட்டரையே வாய் பொத்த வைத்ததோ?

வாசலில் வண்டி வந்து நின்றது. தம்பி அவசரமாக வந்து குனிந்தான்.

"அக்கா, வண்டி வந்தாச்சு. கையை உள்ள வை, போர்வையைச் செருகணும்."

"இருடா," என்றாள் அவள். "கொஞ்ச நேரம் வெளியவே இருக்கட்டும்."